சந்துக்குப் பத்துப் பேர்: தெருத் தொந்தரவை அடக்கும் வழி

மும்பை, குர்லா கிழக்கில் எங்கள் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு) கட்டடம். லிப்ட் நின்று நான்கு மாதம் ஆகிறது. இரவு பதினொன்றரை மணி. பேக்கிங் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் ஒரு பெண், முதல் படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். அவள் வீடு மூன்றாம் மாடி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே உள்ள திருப்பத்தில் ஐந்தாறு பையன்கள் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார்கள், கேலி தொடங்கும். அதனால் வெறுங்காலோடு ஏறி, சத்தமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாள். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் மாடி ஆச்சி ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டே படியேற வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா வழிகளும் அதற்காகத்தான்.

குர்லாவில் பல வருடம் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் வேன் வந்து போனால் தொந்தரவு ஒரு வாரம் அடங்கும். ஒரு ஆள் தனியாகச் சண்டை போட்டால் அந்த ஆளுக்குத்தான் ஆபத்து. சந்தில் பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து, நடந்ததைத் தேதியோடு எழுதி, தெரிந்த பிள்ளைகளிடம் முதலில் பேசி, பேச்சு எடுபடாத இடத்தில் சட்டத்தைக் கையோடு கூட்டி வந்தால் மட்டுமே அது நிலைக்கும்.

1. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ‘ரவுடித்தனம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள்.

பேசித் தீர்ப்பவை: படியில் கூட்டமாக உட்காருவது, இரவில் செல்போன் பாட்டு, குழாயடி வரிசைச் சண்டை, மேல் மாடியிலிருந்து குப்பை எறிவது, பைக்கை வழியில் நிறுத்துவது, சின்னப் பையன்களின் பட்டாசு.

எழுதித் தீர்ப்பவை: தினமும் நடக்கும் குடிக் கூட்டம், சூதாட்டம், மறுபடி மறுபடி மிரட்டல், கடைக்காரரிடம் ஹஃப்தா (மாமூல்) கேட்பது, ஒலிபெருக்கி, போதைப் பொட்டலம் விற்பது. இவற்றில் பேச்சு மட்டும் போதாது. கையெழுத்திட்ட புகார் வேண்டும்.

உடனே 112-ஐ அழைக்க வேண்டியவை: கத்தி, அடிதடி, பெண்ணைத் தொடுவது, பின்தொடர்வது, குழந்தைக்கு எதிரான எந்தப் பாலியல் செயலும், வீட்டுக்குள் மனைவியை அடிப்பது. இவற்றைக் கமிட்டி உட்கார்ந்து ‘சமாதானம்’ பேசவே கூடாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே 2012-ஆம் வருடப் போக்சோ சட்டத்தின்படி குற்றம். ‘குடும்ப மானம்’ என்று மூடி வைத்தவர்களும் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

சத்தமாகப் பேசுவதும், கறி சமைக்கும் வாசனையும், வேறு மொழியில் பாடுவதும், பெண்ணும் பையனும் சேர்ந்து நடப்பதும் தொந்தரவு இல்லை. நமக்குப் பிடிக்காதது வேறு, நம்மைப் பயமுறுத்துவது வேறு. இந்தக் கோட்டை முதல் கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கமிட்டியே சந்துக்கு ஒரு தொந்தரவாகிவிடும்.

2. நாற்பது பக்க நோட்டு

கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கமிட்டி தொடங்கும் முன்பே எழுதத் தொடங்குங்கள். ஐந்து விவரம் போதும்: தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். இப்படி:

“3-ஆம் தேதி, செவ்வாய், இரவு 11.20. மூன்றாம் மாடித் திருப்பம். ஆறு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். 304-ஆம் ரூம் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். பார்த்தவர்: இரண்டாம் மாடி ஆச்சி, 302-ஆம் ரூம்காரர்.”

“5-ஆம் தேதி, வியாழன், இரவு 12.05. அதே இடம். பாட்டில் உடைந்தது. காலையில் ஸ்கூலுக்குப் போன பிள்ளைக்குக் காலில் கண்ணாடி கிழித்தது. போட்டோ எடுத்திருக்கிறது.”

ஒரு விதி உண்டு. செயலை எழுதுங்கள், சாதியையும் மதத்தையும் ஊரையும் எழுதாதீர்கள். ‘அந்தப் பயல்கள் எல்லாம் இப்படித்தான்’ என்ற வரி நோட்டில் ஏறினால் அந்த நோட்டு செத்துவிட்டது. எந்த அதிகாரியும் அதை நம்ப மாட்டார். குர்லா மாதிரி நாலு மதமும் பத்து மொழியும் ஒரே கட்டரை (சாக்கடையை) பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அது நெருப்புக்குச்சியும் கூட.

மூன்று வாரம் எழுதியதும் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். நேரமும் இடமும் தானாகப் பேசும். எங்கள் நோட்டில் பதினேழு பதிவு இருந்தது. பதினாலு பதிவு ஒரே திருப்பத்தில், பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில். அந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை. ‘பில்டிங் முழுக்கக் கெட்டுப் போச்சு’ என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தது, உண்மையில் ஒன்றரை மணி நேரமும் ஒரு இருட்டு மூலையும்தான்.

3. பத்துப் பேரைச் சேர்ப்பது

மும்பைத் தமிழர்களுக்கு இதில் கிட்டத்திலேயே முன்னோடி உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-இல் மும்பைக்கு வந்து, ஜனதா காலனிக் குடிசையில் வாழ்ந்தவர் ஜாக்கின் அற்புதம். அந்தக் காலனியை 1976-இல் அரசு காலி செய்தது. அதை எதிர்த்துப் போராடியவர், பிறகு தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பின் முகமானார். 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018-இல் மறைந்தார்.

அவரும் ஐ.பி.எஸ். அதிகாரி ஏ.என். ராயும் சேர்ந்து முதலில் புனேயிலும், ராய் 2004-இல் மும்பை கமிஷனர் ஆனபின் இங்கேயும் கொண்டுவந்ததுதான் குடிசைப் பகுதிப் போலீஸ் பஞ்சாயத்து. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பத்துப் பேர். ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். கூடவே அந்தப் பகுதிக்கென்று ஒரு போலீஸ்காரர். உட்கார ஒரு ரூமை மக்களே தருவார்கள். கணவன் மனைவி வாக்குவாதம், அண்டை வீட்டுச் சண்டை, குடிகாரர் தொல்லை எல்லாம் கேஸாக முற்றுவதற்கு முன்பே அங்கே பேசித் தீர்க்கப்பட்டன.

ஏழு பெண்கள் ஏன்? பகலில் சந்தில் இருப்பவர்கள் அவர்கள். தண்ணீர் வரும் நேரமும், எந்தப் பையன் ஸ்கூலுக்குப் போவதில்லை என்பதும், எந்த வீட்டில் ராத்திரி அழுகைச் சத்தம் கேட்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பையன்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்களும் அவர்களே. ஆண்கள் மட்டும் உட்காரும் கமிட்டி சீக்கிரம் கட்சி ஆபீஸாகிவிடும்.

பத்துப் பேர் இல்லாத இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வந்து வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த வரதராஜ முதலியார், கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் பெரிய ஆளாகி, மாட்டுங்கா, தாராவிப் பக்கத்துத் தமிழர்களுக்குப் பஞ்சாயத்தும் சொன்னார். ஜனங்கள் அவரிடம் போனதற்குக் காரணம் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் பாஷை தெரியவில்லை, மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு ஆளின் தயவில் கிடைக்கும் நியாயத்துக்கு ஒரு விலை உண்டு. அவருடைய ஆள் தப்புச் செய்தால் எங்கே போய்ச் சொல்வது? எண்பதுகளில் போலீஸ் நெருக்கியபோது அவர் சென்னைக்குப் போனார், 1988-இல் அங்கே இறந்தார். அவரை நம்பி இருந்த சந்துகள் மறுபடி நாதியற்று நின்றன. தாதா போய்விட்டால் எதுவும் மிஞ்சாது. கமிட்டியில் ஒருவர் போனால் ஒன்பது பேர் மிஞ்சுவார்கள்.

இது நம் ஊர் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ராபர்ட் சாம்ப்சனும் கூட்டாளிகளும் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டு, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பி, தெருப் பிள்ளைகள் தவறும்போது தலையிடத் தயாராக இருக்கும் பகுதிகளில் வன்முறை குறைவு. வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அது உண்மையாக இருந்தது. குர்லாவின் ஏழைச் சந்து ஒவ்வொன்றும் இதை மனதில் வைக்க வேண்டும். பணம் இல்லாத சந்து பாதுகாப்பில்லாத சந்தாக இருந்தே தீர வேண்டியதில்லை.

சேர்க்கும் முறை இது. ஒவ்வொரு மாடிக்கும், அல்லது ஒவ்வொரு சாலுக்கும் (வரிசை வீட்டுக்கும்), குறைந்தது ஒருவர். இந்து, முஸ்லிம், பௌத்தர், கிறிஸ்தவர் எல்லோரும். தமிழர், மராத்தியர், உத்தரப் பிரதேசக்காரர் எல்லோரும். ஒரு ஆசிரியையோ நர்ஸோ கிடைத்தால் நல்லது. இருபது வயதுக்குள் இருவராவது இருக்க வேண்டும். தேர்தலில் நிற்பவர் வேண்டாம். வட்டிக்கு விடுபவர் வேண்டவே வேண்டாம். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், நோட்டைப் படித்துவிட்டுக் கலைந்துவிடுங்கள்.

4. பிள்ளைகளிடம் பேசுவது

முதல் பேச்சை யார் பேசுவது என்பதில்தான் பாதி வெற்றி. எங்கள் கட்டடத்தில் ஆச்சி பேசினாள். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து ஐம்பது வருடமாக குர்லாவில் இருப்பவள். சாயங்காலம் ஆறு மணிக்கு, பையன்கள் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் கூட்டத்தில் மூத்தவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏலே, சாப்பிட்டியாலே?”

“சாப்பிட்டேன் ஆச்சி.”

“உங்கம்மா டூட்டி முடிஞ்சு எப்ப வருவா?”

“பன்னெண்டு ஆவும்.”

“அவ வாற நேரம், இந்தப் படியில ஆறு பேரு பாட்டிலோட உக்காந்து சிரிச்சா, நீ சும்மா இருப்பியாலே?”

அவன் பதில் சொல்லவில்லை. ஆச்சி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி அவர்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய இடத்துக்கே வந்தார்கள். இரண்டாவது முறை ஆச்சியோடு மூன்று பேர் போய், “எங்கே உட்காரணும்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டோம். வந்த பதில் எங்களைச் சங்கடப்படுத்தியது. பத்துக்குப் பதினாறு ரூமில் ஏழு பேர் படுக்கும் வீடு; அப்பா தூங்கிய பிறகுதான் கால் நீட்ட இடம் கிடைக்கும்; மைதானத்தைக் கார்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. சொசைட்டி ரூமை இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை திறந்துவிட்டோம். ஒரு கேரம் போர்டு. குடித்துவிட்டு வந்தால் ரூம் பூட்டப்படும் என்று அவர்களே விதி போட்டார்கள். ஆறு பேரில் நான்கு பேர் மாறினார்கள். மற்ற இருவரின் கதை அடுத்த பிரிவுகளில் வரும்.

பேசும்போது நினைவில் வைக்க வேண்டியவை:
- கூட்டத்துக்கு நடுவே பேசாதீர்கள். நண்பர்கள் முன் எந்தப் பையனும் பணிய மாட்டான்.
- குடித்திருக்கும்போது பேசாதீர்கள். மறுநாள் பேசுங்கள்.
- ‘நீ கெட்டவன்’ என்று சொல்லாதீர்கள். ‘நேற்று பதினொன்றரைக்கு இது நடந்தது’ என்று சொல்லுங்கள்.
- அப்பாவிடம் சொல்லி அடி வாங்க வைக்காதீர்கள். அடிபட்டவன் அந்தக் கோபத்தை அதே படியில்தான் இறக்குவான்.
- ஒரு இடத்தைவிட்டு எழுப்பினால் வேறு இடத்தைக் காட்டுங்கள். சென்னையில் போலீஸே சிறார் மன்றங்கள் நடத்துவதும், மும்பையில் பேட்டை மக்களும் போலீஸும் சேர்ந்த மொஹல்லா கமிட்டிகள் போலீஸையும் பையன்களையும் கிரிக்கெட் ஆடவைப்பதும் இதற்காகத்தான்.

5. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறும்போது

முதலில் உங்கள் ஸ்டேஷன் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குர்லா என்ற பெயருக்குள் குர்லா, நேரு நகர், வினோபா பாவே நகர், சுனாபட்டி என்று பல ஸ்டேஷன் எல்லைகள் வருகின்றன. ரயில் பிளாட்பாரத்திலும் ரயில்வே பாலத்திலும் நடந்தால் அது ரயில்வே போலீஸ். ஓடும் ரயிலில் என்றால் 139. ஆனால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

மனுவை மராத்தியில் எழுதுங்கள். மராத்தி மீடியத்தில் படித்த பிள்ளை எல்லாச் சந்திலும் உண்டு. ஒரு பக்கம் போதும். மேலே சீனியர் இன்ஸ்பெக்டருக்கு என்று முகவரி. முதல் பத்தியில் இடம், நேரம். இரண்டாம் பத்தியில் நோட்டிலிருந்து ஐந்து சம்பவம், தேதியோடு. மூன்றாம் பத்தியில் நீங்கள் கேட்பது என்ன: இரவு பதினொன்று முதல் ஒரு மணி வரை பீட் மார்ஷல் ரோந்து வர வேண்டும், அவ்வளவுதான். கீழே பத்துக் கையெழுத்து. இரண்டு நகல். ஒன்றில் முத்திரையும் இன்வர்ட் நம்பரும் (மனு வந்ததற்கான பதிவு எண்) வாங்காமல் திரும்பி வராதீர்கள். நான் முதல் தடவை முத்திரை வாங்காமல் வந்து, ஒரு மாதம் கழித்து ‘மனுவே வரவில்லை’ என்ற பதிலோடு திரும்பினேன். அந்த ஒரு மாதமும் வீண்.

என்.சி. (வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றப் பதிவு) என்றும் எப்.ஐ.ஆர். என்றும் இரண்டு உண்டு. திட்டுவது, தள்ளுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் என்.சி. பதிவார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அதில் போலீஸ் விசாரிக்க முடியாது. ‘வெறும் என்.சி.தானே’ என்று அதைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரே ஆள் மேல் பல என்.சி. சேர்ந்தால் அதுதான் ‘சாப்டர் கேஸ்’ போட அடிப்படை. புதிய சட்டத்தின் 126, 129 பிரிவுகளின்படி, அமைதி காப்பேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று பத்திரம் எழுதித்தர அவரை அழைக்கலாம். மும்பையில் உதவி கமிஷனர் முன்னால் இது நடக்கும். அதற்கும் அடங்காதவர்களுக்கு 1951-ஆம் வருட மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தில் ‘தடிபார்’ இருக்கிறது. இரண்டு வருடம் வரை நகரத்தைவிட்டே வெளியேற்றலாம். எங்கள் படியில் மிஞ்சிய இருவரில் ஒருவன், சாப்டர் கேஸ் நோட்டீஸ் வந்த அன்றே நிறுத்திவிட்டான்.

பயன்படக்கூடிய பிரிவுகள்: பொது இடத்தில் குடித்துவிட்டு அட்டகாசம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355. 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமுதாயப் பணி. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் 79-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை. பின்தொடர்வதற்கு 78. இந்த இரண்டிலும் பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். சாட்சி சொல்ல ஆச்சி ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை. பெண்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளையும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

பதினைந்து நாளில் அசைவு இல்லையென்றால் அதே மனுவின் நகலோடு உதவி கமிஷனர், பிறகு துணை கமிஷனர். அதற்கும் மேல், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு: ‘இந்த இன்வர்ட் நம்பர் மனு மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?’ முப்பது நாளில் பதில் வர வேண்டும். சண்டை போடும் குரலைவிட இந்த ஒற்றை வரிக்கு வலு அதிகம்.

6. சத்தம்: நேரு நகர் காட்டிய வழி

ஒலிபெருக்கி விஷயத்தில் குர்லாவே வழி காட்டியிருக்கிறது. நேரு நகர், சுனாபட்டிப் பக்கத்து இரண்டு குடியிருப்போர் சங்கங்கள் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஏ.எஸ். கட்கரியும் எஸ்.சி. சாந்தக்கும் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு சில மசூதிகளையும் மதரசாக்களையும் பற்றித் தொடங்கியது. ஆனால் தீர்ப்பு எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் அல்ல. ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத அங்கம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. நம் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்கும், கணபதி மண்டலுக்கும், கல்யாண டி.ஜே.வுக்கும் அது பொருந்தும்.

அந்தத் தீர்ப்பில் சந்துக்குப் பயன்படுவது மூன்று. ஒன்று, எல்லா ஒலிபெருக்கியும் சேர்ந்த மொத்தச் சத்தம் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டு, முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்கும் மேல் கருவியைப் பறிமுதல் செய்வது என்ற வரிசை. மூன்று, மிக முக்கியமானது: புகார் சொன்னவரின் அடையாளத்தைப் போலீஸ் கேட்டு உறுதி செய்யத் தேவையில்லை, எதிராளியிடம் காட்டவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் பகைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் எல்லோருக்கும் இது கவசம்.

இருந்தாலும் வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். முதலில் நம் கோயில் பெட்டியின் சத்தத்தைக் குறையுங்கள். பிறகு மற்றவரிடம் போய்க் கேளுங்கள். 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் இந்த நகரத்துக்குச் செய்ததை மறந்துவிடக் கூடாது. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குப்படி அந்த மதக் கலவரங்களில் 900 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, ஜூலியோ ரிபெய்ரோ, சுஷோபா பார்வே போன்றவர்கள் மொஹல்லா கமிட்டிகளைக் கட்டினார்கள். மதத்தைத் தொடும் எந்தப் புகாரையும் இரு தரப்புப் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிய பிறகே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்கள்.

7. பாட்டிலும் பொட்டலமும்

லைசென்ஸ் உள்ள மதுக்கடை வார்டைக் கெடுக்கிறது என்றால் மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கு ஒரு ஆயுதம் உண்டு. 2008-ஆம் வருட ஆணைப்படி, வார்டுப் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் எழுதிக் கேட்டால் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு படம்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு முத்திரை குத்தினால் கடையை மூட வேண்டும். ‘ஆட்வி பாட்லி’ என்று கேட்டால் மராத்திப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வராத ஓட்டும் எதிர் ஓட்டுதான் என்பதால் வீடு வீடாகப் போக வேண்டும்.

போதைப்பொருள் விற்பவர் விஷயத்தில் சந்து நேரடியாக இறங்கவே கூடாது. படம் எடுக்காதீர்கள், துரத்தாதீர்கள். நேரமும் இடமும் வண்டி எண்ணும் குறித்து 1933 என்ற தேசியப் போதைத் தடுப்பு எண்ணுக்குச் சொல்லுங்கள். சிறுவனை வைத்துப் பொட்டலம் கடத்துபவருக்குச் சிறார் நீதிச் சட்டம் 78-ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. மனுவில் அந்தச் சிறுவனைக் குற்றவாளியாக எழுதாதீர்கள். அவன் அங்கே பாதிக்கப்பட்டவன். 1098-க்குச் சொல்லுங்கள்.

எங்கள் படியின் ஆறாவது பையன் ‘எம்.டி.’ போதைப் பழக்கத்தில் இருந்தான். அவன் அம்மா போலீஸுக்குப் பயந்தே அவனை ஒளித்து வைத்திருந்தாள். என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவில், சிறிய அளவு வைத்திருந்து அல்லது உட்கொண்டு மாட்டியவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 14446 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். இந்த இரண்டு வரியை அந்த அம்மாவிடம் சொல்ல மூன்று மாதம் தாமதித்துவிட்டோம். அது எங்கள் தவறு. உங்கள் சந்தில் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

8. இடத்தையும் திருத்துங்கள்

விளக்கில்லாத திருப்பம், உடைந்த பம்ப் ரூம் கதவு, மித்தி நதிக்குப் போகும் நாலா ஓரத்துக் குப்பைமேடு, கைவிட்ட கார். தொந்தரவு எப்போதும் இப்படியொரு இடத்தைத் தேடித்தான் உட்காரும். தெரு விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மாநகராட்சி எல் வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். குப்பைக்கும் கட்டருக்கும் மாநகராட்சியின் 1916. புகார் எண்ணையும் நோட்டில் ஏற்றுங்கள். கட்டடத்துக்குள் உள்ள விளக்கு சொசைட்டியின் பொறுப்பு. எங்கள் திருப்பத்துக்கு ஒரு எல்.இ.டி. பல்பும், கையெட்டாத உயரத்தில் ஒரு கம்பி வலையும் போட்டோம். வீட்டுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

9. செய்யவே கூடாதவை

கை ஓங்காதீர்கள். 2004 ஆகஸ்ட் 13 அன்று, நாக்பூர் கஸ்தூர்பா நகரை வருடக்கணக்கில் மிரட்டி வந்த ஒரு ரவுடியை நீதிமன்றத்துக்குள்ளேயே கூட்டம் அடித்துக் கொன்றது. பெண்கள் சொன்ன புகார்களை யாரும் காதில் வாங்காததன் முடிவு அது. அந்தப் பெண்களின் வேதனை உண்மை. ஆனால் அதன் பிறகு பத்து வருடம் வழக்கில் அலைந்தவர்களும் அந்தப் பேட்டை ஜனங்கள்தான். அந்த இடத்துக்கு ஒரு சந்து போய்ச் சேராமல் தடுக்கத்தான் நோட்டும் முத்திரையும் மேல் மனுவும்.

போலீஸ் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ திட்டம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த கொடூரத்துக்குப் பின் 2020 ஜூலையில் அதற்கு அரசு தடை போட்டது. கமிட்டிக்காரர் கையில் லத்தி ஏறக் கூடாது. விசாரணை ரூமுக்குள் கமிட்டிக்காரர் கால் வைக்கக் கூடாது.

பையனின் முகத்தை வாட்ஸாப்பில் போடாதீர்கள். பிரிட்டனில் 1998-ஆம் வருடச் சட்டம் இப்படித் தொந்தரவு செய்பவர்கள் மேல் தனி உத்தரவு போட்டு, பலரின் பெயரையும் படத்தையும் ஊருக்குக் காட்டியது. பாதிக்கும் மேற்பட்ட உத்தரவுகள் மீறப்பட்டன. சில இளைஞர்களுக்கு அது மெடல் மாதிரி ஆனது. 2014-இல் அந்த முறையையே மாற்றினார்கள். கெட்ட பெயர் கிடைத்துவிட்டவனுக்கு இழக்க ஒன்றுமில்லை.

முதல் முப்பது நாள்

1 முதல் 7: நோட்டு வாங்கி எழுதத் தொடங்குதல். பத்துப் பேரை வீடு தேடிப் போய்க் கேட்டல்.
8-ஆம் நாள்: முதல் கூட்டம். மூன்று பிரிவாகப் பிரித்தல்.
9 முதல் 20: தெரிந்த பிள்ளைகளோடு தனித்தனிப் பேச்சு. விளக்கு, குப்பைக்கான மனுக்கள்.
21-ஆம் நாள்: நோட்டைத் திருப்பிப் பார்த்தல். மாறியது எது, மாறாதது எது?
22 முதல் 25: மாறாததற்கு மட்டும் மராத்தியில் மனு. இன்வர்ட் நம்பர்.
30-ஆம் நாள்: மாத இறுதிக் கூட்டம். மாறிய பிள்ளைகளை அந்தக் கூட்டத்துக்கே அழைத்து, எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுதல். கடைசியில் சொன்ன இதை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் இன்னும் ஓடவில்லை. ஆறு பையன்களில் ஒருவன் சிகிச்சையில் இருக்கிறான், இன்னும் முழுதாகத் தேறவில்லை. நோட்டில் மாதம் ஒன்றோ இரண்டோ பதிவு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இரவு பதினொன்றரைக்கு ஆச்சி வீட்டுக் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது.